ஷோகேசுக்குள்ள கம்சாயினி

ஆரையம்பதி மெயின் றோட்டுல உதயரூபன்ட ஸ்டூடியோ. கறுப்பு வெள்ளையில ஆளை இருத்திப் படம் எடுக்கிறதுல அவன் விண்ணன். ஆனா உசிரோட இருக்கிற ஒருத்தரும் அதைக் கேட்டு வாறல்ல. பாஸ்போட்டுக்குக் கலர், கலியாணத்துக்குக் கலர். ஆரும் மோசம் போனா மட்டும், "தம்பி, இதக் கறுப்பு வெள்ளையாக்கித் தா, மரண நோட்டீசுக்கு" எண்டு வருவாங்க.

இது தெரிஞ்சும், அந்த வியாழக்கிழமை விடிய, பெண்சாதி கம்சாயினிட கறுப்பு வெள்ளைப் படத்தை ரெண்டடி உசரத்துக்கு அடிச்சு, கடை ஷோகேசுக்குள்ள மாட்டினான்.

அவள் குவைத்துக்கு வேலைக்குப் போய் ரெண்டு வருசம். வீட்டுக்குக் கூரை போடப் போனவள். கூரையும் போட்டாச்சு. போன வெள்ளிக்கிழமை போன்ல, "இஞ்சேருங்க, மேடம் இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்றா. வாற வெள்ளிக்குள்ள முடிவு சொல்லட்டாம். நிக்கவா, வரவா?" எண்டு கேட்டவள். மாடா உழைக்கிறவள் அவள், கூப்பிட நான் ஆர் எண்டு அவனுக்கு ஒரு கூச்சம். "உன்ட விருப்பம் புள்ள" எண்டுட்டான். அவளும் "ம்" எண்டு வச்சிட்டாள். ஆறு நாளா 'வா' எண்ட சொல்லு தொண்டையில மீன்முள்ளு மாதிரி நிண்டுது.

அந்தப் படம் அவள் போகக்குள்ள எடுத்தது. பாஸ்போட் படத்துக்கு வந்து இருந்தவளை, "கொஞ்சம் பொறு" எண்டு மத்த லைட்டெல்லாம் நூத்துப்போட்டு, ஒண்டை மட்டும் பக்கத்தால வச்சான். "பஸ் போயிரும், கெதியா எடுங்க" எண்டு மொறைச்சாள். அந்த மொறைப்போடயே எடுத்திட்டான். ஒரு கன்னம் வெளிச்சம், மத்தது இருட்டு, ரெண்டு கண்ணிலயும் லைட் பொட்டு மாதிரி மின்னும்.

ஒன்பது மணிக்கு, பக்கத்துத் தேத்தண்ணிக் கடை வல்லிபுரம் அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நிண்டார். கையில வெள்ளைக் கொடிக் கட்டு. செத்த வீட்டுக்கு றோட்டுல கட்டுற கொடி.

"எப்ப தம்பி நடந்த? பிரேதம் எப்ப வருதாம்?"

"என்ன அண்ணன் கதைக்கிறீங்க? அவள் உசிரோட இருக்காள்!"

"அப்ப ஏன்டா கறுப்பு வெள்ளையில மாட்டி வச்சிருக்காய்? நான் ரெண்டு பேருக்குச் சொல்லியும் போட்டனே!"

அந்த ரெண்டு பேரில ஒராள் ஷோகேசைப் போன்ல படம் பிடிச்சு, 'ஆழ்ந்த அனுதாபங்கள்' எண்டு பேஸ்புக்கிலயும் போட்டாச்சு.

பத்தரைக்குப் போன் அடிச்சுது. வேலை நாளில அவள் ஒருநாளும் எடுக்கிறல்ல.

"நான் செத்திட்டனாம்," எண்டாள் கம்சாயினி. "என்ட எட்டுச் செலவுச் சாப்பாடு எப்ப? என்ன கறி?"

"புள்ள, நான்..."

"என்னோட படிச்சவள் என்ட நம்பருக்கே ஆத்மா சாந்தி அனுப்பியிருக்காள்."

அவனுக்குச் சிரிப்பு வந்திட்டுது.

"ஏன் மாட்டின நீங்க?"

"பார்க்கத்தான்."

"என்ட படம் உங்கட போன்ல நூறு கிடக்கே?"

"அதெல்லாம் நீ உன்னைப் பார்த்து எடுத்தது. இதுல நீ என்னைப் பார்க்கிறாய்."

அங்கால தண்ணிப் பைப் ஓடுற சத்தம் மட்டும்.

"மொறைச்சுக்கொண்டுதானே பார்க்கிறன்?" எண்டாள் மறுகா.

"மொறைச்சாலும் போதும். வா புள்ள."

சொல்லிப்போட்டு அவனே பயந்திட்டான். பைப் சத்தம் நிண்டுது.

"படத்தைக் கழட்டுங்க," எண்டாள்.

"ஏன், கோவமா?"

"இல்ல. மாசக் கடைசியில நான் பஸ்ஸால இறங்கக்குள்ள, சனம் பேய் எண்டு ஓடப்போகுது."

போனை வச்சிட்டு ஷோகேசைத் திறந்தான். வல்லிபுரம் அண்ணன் இன்னும் வாசல்லதான்.

"அப்ப தம்பி, இந்தக் கொடி?"

"வச்சிருங்க அண்ணன். உங்களுக்கு உதவும்."

"போடா அங்கால!"

ஆக்கள் இருந்து படம் எடுக்கிற முக்காலியில அவள்ட படத்தைச் சாத்தி வச்சான். முன்னுக்குப் போய்க் கமராப் பக்கம் இருந்தான். மாசக் கடைசிக்கு இன்னும் இருபத்திமூணு நாள் கிடக்கு. கம்சாயினி, பஸ் போயிரும் எண்டு மொறைச்சுக்கொண்டு இருந்தாள்.