சும்மா கொடுத்த பைகள்

எதிர்ச்சாரியில் இருந்த பெரிய கடையில் பைக்குக் காசு வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து சலூன்காரருக்குத் தூக்கம் சரியில்லை. தூக்கம் குறைந்ததே தவிர பேச்சு குறையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பாதித் தலையைக் கொடுத்துவிட்டவன் எழுந்து ஓட முடியாது என்பதால், வந்தவர் எல்லாரும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

"நான் முடி வெட்டிட்டு, போத்தின துணிக்குத் தனியா காசு குடுங்கன்னு கேட்டா நீங்க விடுவீங்களா?"

விடமாட்டோம் என்றார்கள். கத்தி காதோரம் இருக்கும்போது வேறு என்ன சொல்வார்கள்?

ஆனாலும் அவர் ஒருவருக்கு மட்டும் வந்த கோபம் இல்லை அது. சலூன் கண்ணாடிக்கு எதிரே நின்றபடி எதிர்க்கடையைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வண்டி நிறைய சாமான் எடுத்து, ஒன்றுக்கும் விலை பார்க்காத அம்மாக்கள், பில் போடும் பெண் "பை வேணுமா?" என்று கேட்டதும் முகம் சிவந்துபோவார்கள். ஒருத்தர் ஹெல்மெட்டை மல்லாக்கப் பிடித்து அதில் முட்டையை அடுக்கிக்கொண்டு, தலையில் ஒன்றும் இல்லாமல் வண்டி ஓட்டிப் போனார். இனிமேல் இந்தக் கடை வாசலை மிதிக்கமாட்டேன் என்று கத்திவிட்டுப் போனவர் மறுநாள் சாயங்காலமே வந்து மிதித்தார். ஆனால் பை மட்டும் வாங்கவில்லை.

சலூன்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. மாவுப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கி, எண்ணெய் பாட்டிலைத் தாடையால் அழுத்தி, பால் பாக்கெட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார் ஒருநாள். பால் வாசற்படி வரைக்கும்தான் தாங்கியது.

"ஒரு பை வாங்கினா குடியா முழுகிப்போயிடும்?" என்றாள் மனைவி.

"காசு பெரிசில்ல. இது கொள்கை."

"அந்தக் கொள்கையை முதல்ல துடைச்சு எடுங்க. எறும்பு வரும்."

மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு விடுமுறை நாளில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய பை தொங்கும். அதற்குள் முழுக்கப் பைகள். கல்யாண வீட்டுப் பை, மருந்துக்கடைப் பை, செருப்பு வாங்கிய பை என்று மனைவி சேர்த்து வைத்தவை. அதை அப்படியே கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய் எதிர்க்கடை வாசலில் நின்றார்.

"எடுத்துக்குங்க, சும்மாதான்! காசு ஒண்ணும் வேணாம்!"

மக்கள் மொய்த்துவிட்டார்கள். கையில் சொந்தப் பை வைத்திருந்தவர்களும் இன்னும் ரெண்டு கேட்டு வாங்கினார்கள். சாமானே வாங்காமல் சும்மா நடந்து போனவரும் ஒன்று வாங்கிக்கொண்டார். பில் போடும் பெண் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பதாலேயே சலூன்காரர் குரலை இன்னும் உயர்த்தினார். உள்ளே கையை விட்டு, வந்ததை எடுத்து, முகம்கூடப் பார்க்காமல் நீட்டிக்கொண்டே இருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு மனசு குளிர்ந்தது.

அதைக் கெடுத்தவர் டிரைவிங் ஸ்கூல் அம்மா. தெருமுனையில் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். அவர் குரல் கேட்டால் நிறுத்தி வைத்த வண்டியே இன்னும் ஓரமாக நகரும் என்பார்கள். பையை வாங்கி, "எவ்வளவு?" என்றார்.

"சும்மாதாம்மா."

"சும்மா எல்லாம் எனக்கு வேணாம். உள்ள என்ன விலையோ அதைப் பிடிங்க."

"நான் என்ன கடையா வச்சிருக்கேன்?"

அந்த அம்மா காசைச் சலூன்காரரின் சட்டைப் பையில் போட்டுவிட்டு நடந்தார். ஊருக்கே தானம் செய்துகொண்டிருந்த மனிதருக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் மனைவி வந்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள்.

"இங்க இருந்த பை எங்க?"

அவர் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதுல ஒரு நீலப் பை இருந்துச்சு. கயித்துக் கைப்பிடி. அடியில அட்டை. அட்டைக்குக் கீழதான் எங்கம்மா வளையலை வச்சுத் தச்சிருந்தேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, கடைசியாக அவள் அம்மா கையிலிருந்து கழற்றிக் கொடுத்த ஜோடி. தங்கைக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று. திருடன் வந்தால் பீரோவைத்தான் திறப்பான், பழைய பைகளை எவன் தொடுவான் என்று நினைத்திருக்கிறாள். திருடனைப் பற்றி அவள் கணக்கு சரிதான். புருஷனைச் சேர்க்க மறந்துவிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்டயா? சொன்னா மறுநாளே முடி வெட்ட வந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

அது உண்மை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை, சமைத்துப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சலூன் பாதி நேரம் பூட்டியே கிடந்தது. அவர் எதிர்க்கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் கைகளைப் பார்த்தார். அவர் கொடுத்த பை ஒன்றுகூட வரவில்லை. பிறகு தெருவில் தேடினார். அங்கே கிடைத்தன. மருந்துக்கடைப் பை குப்பைத்தொட்டியில் வாழைப்பழத் தோலோடு கிடந்தது. கல்யாணப் பையை யாரோ மழைக்காக வண்டி சீட்டில் மாட்டிக் கிழித்திருந்தார்கள். செருப்புப் பை சாக்கடைக் கம்பியில் சிக்கி உப்பிக்கொண்டிருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டி தொட்டியாகக் கிளறினார். நீலம் மட்டும் இல்லை.

பில் போடும் பெண்ணுக்கே பாவமாகிவிட்டது. வெளியே வந்து, "என்ன அண்ணா தொலைச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு பைம்மா."

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. "சும்மா கிடைச்சதை யாருண்ணா மடிச்சு வைக்கிறாங்க? காசு குடுத்து வாங்கின பை மட்டும்தான் எங்க கடைக்குத் திரும்பத் திரும்ப வருது" என்றாள்.

சலூன்காரர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குக் காசு கொடுத்தது ஒரே ஒருத்தர்தான்.

ஓடினார். தெருமுனையில் கார் வந்துகொண்டிருந்தது. ஸ்டீயரிங்கில் வியர்த்துக்கொண்டு ஒரு மாணவர், பக்கத்தில் அந்த அம்மா. குறுக்கே விழுந்தார் சலூன்காரர். மாணவர் கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை மிதித்தார்.

"சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்று இறங்கினார் டிரைவிங் ஸ்கூல் அம்மா. பின் சீட்டில் காய்கறியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது நீலப் பை.

திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா காய்களைச் சீட்டில் கொட்டிவிட்டுப் பையை நீட்டினார். சலூன்காரர் சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார்.

"பாத்து வெட்டுங்க. என் பை அது."

நூலை ஒவ்வொன்றாக நறுக்கி அட்டையைத் தூக்கினார். வளையல் இருந்தது. சலூன்காரர் நடுத்தெருவில் குலுங்கிக் குலுங்கி அழுதார். பின்னால் ஹாரன் அடித்தவனை அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார், அவன் நிறுத்திக்கொண்டான்.

அழுது முடித்ததும், "வளையல் உங்களுது, கொண்டு போங்க" என்றார் அந்த அம்மா. "பை என்னுது. காசு குடுத்திருக்கேன். பிரிச்ச இடத்தைத் தச்சு நாளைக்குக் குடுத்துடுங்க."

வீட்டில் மனைவி வளையலைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையில் போட்டுக்கொண்டாள். "இனிமே எங்கயும் ஒளிக்க வேணாம். இங்கயே இருக்கட்டும்." ஊசியில் நூலைக் கோத்து அட்டையைத் தைத்து முடித்தவள், பையைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல கெட்டியான பைங்க. நாமளே வச்சுக்கலாமே?"

"அதெப்படி? அவங்க காசு குடுத்து வாங்கினது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தவர் பேச்சை எடுத்துக் கொடுத்தார். "என்னங்க, எதிர்க்கடையில இன்னும் பைக்குக் காசு வாங்கறானே, அநியாயமா இல்ல? ஆமா, ஏதோ தொலைச்சிட்டீங்கன்னு சொன்னாங்களே, என்னது?"

ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடிய கதை நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. சலூன்காரர் அதை விழுங்கினார்.

"தலையைக் கொஞ்சம் குனிங்க" என்றார்.