இடது கையால் விழுந்த ஆறு

எங்கள் வீட்டு லூடோவில் திருடுவது தப்பில்லை. பிடிபடுவதுதான் தப்பு. வெளியாள் யாராவது எங்களோடு ஆட உட்கார்ந்தால் பாதியிலேயே கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். பகடையில் நாலு விழுந்தால் ஐந்து கட்டம் நகர்த்துவோம். அடுத்தவள் தண்ணீர் குடிக்கத் திரும்பினால் அவள் காயை இரண்டு கட்டம் பின்னால் தள்ளுவோம். பார்த்துவிட்டால் "பிடிச்சாச்சு!" என்று கத்த வேண்டும். பிடிபட்டவரின் காய் புறப்பட்ட வீட்டுக்கே போய், மறுபடி ஆறு விழும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் அது பார்க்காதவரின் தலையெழுத்து.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் மாமா, என் அக்காவின் கணவர். ஊருக்கு அவர் மாஸ்டர். வீட்டின் முன்னறையில் மூன்று பேர் நடத்தும் தையல் கடை எங்களுடையது. அவர் வெட்டுவார், அக்கா மிஷினில் தைப்பாள், நான் காஜா எடுத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போடுவேன். கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு நான் திரும்பி வந்த நாளில், ஏன் வந்தாய் என்று கேட்காமல் ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தவர் அவர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வெட்டுகிற மேசையைத் துடைத்துவிட்டு அதன் மேலேயே லூடோ பலகையை விரிப்போம். தோற்றவர் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவ வேண்டும். பெரும்பாலும் நான்தான் கழுவினேன். பகடை சரியில்லை என்று முனகினால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பார், பல்லைக் குத்திக்கொண்டே.

கடையின் உயிர் அவர் வலது கையில் இருந்தது. இது சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல. தையல் தப்பினால் பிரித்துத் தைத்துவிடலாம். வெட்டு தப்பினால் துணி போச்சு. எத்தனையோ வருஷமாகத் தைக்கிற அக்காவே கத்தரியைத் தொட மாட்டாள். ஆள் நடந்து வருவதைப் பார்த்தே எந்தத் தோள் இறக்கம் என்று சொல்லிவிடுவார் மாமா. சாக்கட்டியால் நாலு கோடு போட்டுக் கத்தரியை வைத்தாரென்றால் அந்தப் பக்கம் வந்துதான் நிற்கும்.

ஒருநாள் அது பாதியில் நின்றது. கோட்டுத் துணி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தவர், "என்னமோ கை மரத்துப் போச்சு" என்றார். கத்தரி துணியிலேயே தொங்கியது. அக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுவதற்குள் அவர் மேசையைப் பிடித்தபடி சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். கால் சீக்கிரமே திரும்பி வந்தது. பேச்சும் வந்தது, வாய் மட்டும் லேசாகக் கோணியிருந்தது. வலது கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி கொடுக்க ஒரு சின்னப் பெண் இருந்தாள். வேலையில் கெட்டிக்காரி, பேச்சில் பூ. அவள் மாமாவின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்கச் சொன்னாள். அவை நகர்ந்து, நகர்ந்து, தொட்டும் தொடாமலும் நின்றன. "பாருங்க, அசைவு இருக்கு. இந்தக் கைய விட்டுடக் கூடாது" என்றாள். பிசைவதற்கு மாவு மாதிரி ஒரு உருண்டை கொடுத்தாள். மாமா அதை இடது கையால் எடுத்துச் சுவரில் வீசினார். "மாவு பிசையறதுக்கு நான் என்ன அடுப்படியிலயா நிக்கறேன்?"

அவள் கோபப்படவில்லை. "இவருக்கு என்னதான் பிடிக்கும்?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"லூடோ மேடம். சோறு இல்லாட்டியும் இருப்பார், லூடோ இல்லாம இருக்க மாட்டார்."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "அதவிட நல்ல பயிற்சி எது? தினமும் ஆடுங்க. ஆனா பகடைய வலது கையாலதான் எடுக்கணும், அந்தக் கையாலதான் போடணும், காயையும் அதேதான் நகர்த்தணும். எவ்வளவு நேரமானாலும் பொறுமையா இருங்க. இப்ப வர்ற சில மாசம்தான் முக்கியம்."

"மறுபடி கத்தரி பிடிப்பாரா மேடம்?" அக்கா கேட்டது அது ஒன்றைத்தான்.

"இப்பவே எதுவும் சொல்ல முடியாதும்மா. ஆனா விரல் அசையுது. நான் நம்பறேன்."

அந்தக் கடைசி வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம். கடையில் வெட்டாத துணிகள் குவிந்திருந்தன. துணி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "கொஞ்சம் பொறுங்க, கை வந்துட்டிருக்கு" என்றார் மாமா. அவர்களும் நம்பி விட்டுப் போனார்கள். வேறு கடையைத் தேடாமல் அந்த ஜனங்கள் மாஸ்டரின் கைக்காகக் காத்திருந்தார்கள். அதுவரைக்கும் வயிற்றுப்பாட்டுக்கு அக்கா கிழிசலும் ஓரமும் தைத்தாள்.

முதல் ஆட்டங்கள் ஆட்டமே அல்ல, சித்திரவதை. அவர் பகடையை நோக்கிக் கையைக் கொண்டுபோவார். விரல்கள் அதைச் சுற்றி மேசையைச் சுரண்டும். நெற்றியில் வேர்வை உருளும். ஒருவழியாகப் பிடிபட்டு மேலே வந்தால் பாதியில் நழுவி ஓடும். நான் கட்டிலுக்கடியில் தவழ்ந்து எடுத்து வருவேன். அதையே போட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்ளக்கூட அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். மறுபடி முதலிலிருந்து. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் பலகையைப் பார்க்க மாட்டார், எங்கள் முகத்தைப் பார்ப்பார். ஒரு காய் வீட்டை விட்டு இறங்குவதற்குள் தெருவிளக்கு எரிந்துவிடும். பாத்திரத்தை யார் கழுவுவது என்ற பேச்சே எழவில்லை.

ஒருநாள் நான் தண்ணீர்ச் சொம்பை வைக்கத் திரும்பிய நேரம், மேசைக்கடியிலிருந்து அவருடைய இடது கை பூனை மாதிரி வந்தது. பகடையைக் கவ்வி உருட்டியது. ஆறு.

"பிடிச்சாச்சு!" என்று கத்தினாள் அக்கா. கத்திவிட்டுச் சிரித்தாள். அவர் விழுந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. மாமாவும் கோணல் வாயால் சிரித்தார். நான் சொம்பைக் கீழே வைக்கவும் மறந்து சிரித்தேன்.

"வலது கை கொடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாதும்பாங்க. என் ரெண்டு கையும் இப்ப பேசிக்கறதே இல்ல" என்றார் மாமா.

சட்டப்படி அவர் காய் வீட்டுக்குள் போயிற்று. ஆனால் வீடு திரும்பி வந்த மாதிரி இருந்தது எங்களுக்கு. மறுநாளும் இடது கை வந்தது. அக்கா பார்த்தாள், கத்தவில்லை. நானும் பார்த்தேன், கத்தவில்லை. அவர் திருடியது போக நாங்களும் திருட ஆரம்பித்தோம், பார்த்தும் பார்க்காதவர்கள் மாதிரி. சில நாளில் இடது கை ஒளிவதையும் விட்டுவிட்டது. அது பகடையை உருட்டியது, காய்களை நகர்த்தியது, என் காய்களைச் சளைக்காமல் வெட்டியது. ஆட்டம் பழைய வேகத்துக்கு வந்தது. மறுபடி நான் பாத்திரம் கழுவினேன். வலது கைக்கு வலிக்கக் கூடாதே என்று தினமும் அதன் கீழே ஒரு தலையணை வைப்பேன். வந்த விருந்தாளி மாதிரி அது சும்மா உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தது.

ஆஸ்பத்திரி தூரம். பஸ் ஏறி இறங்குவது அவருக்குப் பாடு. அதனால் அந்தப் பெண் போனில் விசாரிப்பாள்.

"லூடோ ஆடறாரா?"

"தினமும் ஆடறார் மேடம்."

"நல்லா ஆடறாரா?"

"நல்லாவா? எங்க ரெண்டு பேரையும் தோக்கடிக்கறார்!"

அவளுக்கு ஒரே சந்தோஷம். மற்ற நோயாளிகளிடமும் இதைச் சொல்லப் போகிறேன் என்றாள். அக்கா பொய் சொல்லவே இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னாள். எந்தக் கையால் என்று அந்தப் பெண்ணும் கேட்கவில்லை, அப்படி ஒரு கேள்வி இருப்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. லூடோ ஆடினால் கை வரும் என்றுதான் எங்கள் மண்டையில் ஏறியிருந்தது. ஆடினோம், வரும் என்று இருந்தோம். எங்களைப் போன்ற ஆட்டப் பைத்தியங்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். மாவை உருட்டச் சொன்னபடியே உருட்டியிருப்பார்கள், பிழைத்திருப்பார்கள்.

நேரில் பார்க்க வரச் சொன்ன நாள் வந்தது. மாமா சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பகடையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எங்க, மாஸ்டர், ஒரு ஆறு போடுங்க பார்ப்போம்."

மாமாவின் இடது கை மேசைக்கு வந்தது.

அவள் சிரித்துக்கொண்டே அதைத் தடுத்தாள். "இது இல்ல. நம்ம ஆள் எங்க?"

நம்ம ஆள் அவர் மடியில் கிடந்தது. அவர் தோளை உயர்த்தினார், முழங்கை அசைந்தது, கை மேசை மேல் வந்து விழுந்தது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. அவள் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள், விட்டதும் மடங்கிக்கொண்டன. கட்டைவிரலை அசைக்கச் சொன்னாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க முயன்றார். அன்றைக்கு அசைந்த அளவுகூட அது அசையவில்லை.

அவள் முகத்திலிருந்து சிரிப்பு வடிவதைப் பார்த்தேன். "வீட்டுல எந்தக் கையால ஆடினீங்க?" என்றாள் மெதுவாக.

மாமா இடது கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதுவே பதில்.

"வேலை கொடுக்காத கைய மூளை கைவிட்டுடும்" என்றாள். "நான் நேர்ல வந்து பார்த்திருக்கணும். ஆட்டத்தப் பத்திக் கேட்டேன், கையப் பத்திக் கேக்கல." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரைத் திட்டுவது? திட்டுவதற்குக்கூட ஆளில்லாத கஷ்டம் பெரிய கஷ்டம்.

"இனிமே விடாம செஞ்சா?" என்றாள் அக்கா. "ராத்திரி பகலா செய்ய வைக்கறேன் மேடம்."

"செய்யலாம்மா. சட்டை மாட்ட, பையப் பிடிச்சுக்க உதவற அளவுக்குக் கொண்டு வரலாம்."

"கத்தரி?"

அந்தப் பெண் இல்லையென்று தலையாட்டினாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்களுக்குக் குரங்குகூட மிஞ்சவில்லை. வெளியே பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். நல்ல வெயில். எதிரே ஒரு ஆள் பழம் விற்றுக்கொண்டிருந்தான், யாரோ பேரம் பேசினார்கள். உலகம் அதன் பாட்டுக்கு நடந்தது.

அக்கா மாமாவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த விரல்களைப் பிரித்துப் பிரித்து விட்டாள். "என்னாலதாங்க. அன்னைக்கு நீங்க இடது கையால போட்டப்பவே நான் தடுத்திருக்கணும். பல்லக் காட்டிச் சிரிச்சேன், பாவி."

"நீ சிரிச்சதாலதான் மறுநாளும் போட்டேன்" என்றார் மாமா. வார்த்தைகள் மெதுவாக, சரிந்து வந்தன. "நான் விழுந்ததுலேர்ந்து உன் மொகத்தப் பாக்க முடியல. அந்த ஒரு ஆறுக்கு நீ சிரிச்ச. சரி, கை எப்பவோ வரட்டும், இவ சிரிக்கட்டும்னு போட்டேன். தினமும் போட்டேன். எனக்கு அந்தப் பலகைய விரிச்சாலே எழுந்து போயிடணும்னு இருக்கும்."

அக்காவின் கை நின்றது.

"நான் எங்கங்க சிரிச்சேன்?" என்றாள். "திருடி மாட்டிக்கிட்ட மொகத்தோட நீங்க என்னைப் பாத்தீங்க. நான் அழுதா உடைஞ்சு போயிடுவீங்களேன்னு சிரிச்சு வச்சேன். நீங்களும் சிரிச்சீங்க. சரி, இதாவது இவருக்கு சந்தோஷமா இருக்கேன்னு தினமும் வந்து உக்காந்தேன். மிஷின்ல அவ்வளவு வேலை கிடக்கும். எனக்கு மட்டும் அந்த ஆட்டம் வேணுமா? வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த இடது கைய அன்னைக்கே கட்டிப் போட்டிருப்பேனே!"

மாமா அவளையே பார்த்தார். அவர் வாய் இன்னும் கோணியது. பிறகு சத்தமில்லாமல் அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. அக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

பிறகு அக்கா என் பக்கம் திரும்பினாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"அவருக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அப்புறம் யாருக்குடி தினமும் அந்த ஆட்டம் ஆடினோம்?"

பஸ் வருகிறதா என்று நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு முடிவதற்கு முன்பே தினமும் மேசையைத் துடைத்துப் பலகையை விரித்தவள் நான்தான். நாள் முழுக்க அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பேன்.