நாகஜோதியின் தூக்கம்

மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். நாகஜோதி பாண்டீஸ்வரிக்குத் தர வேண்டிய பாக்கி அது. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போன பங்குனியில் சூறைக்காற்றில் நாகஜோதி வீட்டுக் கூரைத் தகரம் பறந்தபோது, மகளிர் குழுவில் தன் பேரில் எடுத்த கடனிலிருந்து பாண்டீஸ்வரி எண்ணிக் கொடுத்தது. பங்குனி போய் ஐப்பசி வந்துவிட்டது. தகரம் திரும்பவும் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ரூபாய் மட்டும் திரும்பவில்லை.

ரூபாய் வராததைக்கூடப் பாண்டீஸ்வரி பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது நாகஜோதியின் தூக்கம்.

அனுமந்தன்பட்டியில் விடியற்காலை ஐந்தரைக்கு ஜீப் கிளம்பும். ஒன்பது பேர் உட்காருகிற வண்டியில் பதினாலு பெண்கள். கம்பம்மெட்டு மலையில் ஏறி, கேரளத்து எல்லை தாண்டி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்கு வீடு வருவார்கள். நாகஜோதி ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிடுவாள். பக்கத்தில் எந்தத் தோள் இருக்கிறதோ அந்தத் தோளில் சாய்ந்துவிடுவாள். வண்டி குலுங்கினாலும் கம்பியில் தலை இடித்தாலும் வாய் லேசாகத் திறந்தபடி, பால் குடித்த பிள்ளை மாதிரி கிடப்பாள். எதிரே பாண்டீஸ்வரி கண் எரிய உட்கார்ந்திருப்பாள். குழுத் தவணை, மகனின் ஐ.டி.ஐ. ஃபீஸ், பங்குனியில் தான் செய்த முட்டாள்தனம் எல்லாம் வரிசையாக வந்து அவள் மடியில் ஏறிக்கொள்ளும். வீட்டுப் பாயிலும் அதே கதைதான். கடன் கொடுத்தவளுக்குத் தூக்கமில்லை, வாங்கினவள் குறட்டை விடுகிறாள். இது எந்த ஊர் நியாயம்?

நாகஜோதி ஓடி ஒளிகிறவளும் இல்லை. தினமும் சிரித்த முகமாக, "இன்னைக்கும் இல்லக்கா" என்பாள், கடையில் தக்காளி இல்லை என்று சொல்வது போல. ஒருமுறை இருநூறு ரூபாயை நீட்டினாள். பாண்டீஸ்வரி வாங்கவில்லை. "பிச்ச போடுறியா? குடுத்தா மொத்தமாக் குடு" என்று கையைத் தட்டிவிட்டாள். இருநூறை வாங்கிவிட்டால் இவள்மேல் கோபப்பட இருநூறு ரூபாய் அளவுக்கு உரிமை குறைந்துவிடுமே என்று அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரம் தோட்டத்து சூப்பர்வைசர் ஷரீப் பாய் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். உத்தமபாளையத்துக்காரர், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர்.

"மழை ஏமாத்திருச்சு, ஆத்தா. அடுத்த சுத்துல பறிக்கக் காய் கம்மி. முதலாளி எட்டுப் பேர் போதும்னு சொல்லிட்டாக. சனிக்கிழமை யாரு யாருன்னு சொல்றேன்."

பதினாலில் எட்டு. பாண்டீஸ்வரிக்கு அந்த ஜீப்பில் இடம் போனால் தவணையும் போச்சு, குழுவில் மரியாதையும் போச்சு. நாகஜோதிக்கு இடம் நிச்சயம். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து தினமும் பதினாறு, பதினேழு கிலோ எடுப்பவள் அவள். பாண்டீஸ்வரி மாடாய் உழைத்தாலும் பன்னிரண்டைத் தாண்டமாட்டாள்.

மறுநாள் ஜீப்பில் நாகஜோதி வழக்கம்போல் கண்ணை மூடியபோது பாண்டீஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ஏய் நாகு! மூவாயிரத்து எழுநூத்தம்பது ரூவா தர வக்கில்ல. தூக்கம் மட்டும் எப்படிடி வருது ஒனக்கு?"

டிரைவர் பாட்டைக் குறைத்தான். நாகஜோதி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"தூங்காம இருந்தா ரூவா வந்துருமாக்கா? வரும்னா சொல்லு, நாளையிலருந்து நின்னுக்கிட்டே வாரேன்."

மற்ற பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். முன்சீட்டில் இருந்த கஸ்தூரியம்மாளுக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் நாகஜோதி திரும்பத் தூங்கியிருந்தாள். ஆனால் அவள் காது மடல் சிவந்திருந்ததைப் பாண்டீஸ்வரி பார்த்தாள். பார்த்தும் போதவில்லை அவளுக்கு.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மெட்டு டீக்கடையில் வாங்கிய வடைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பாண்டீஸ்வரி வடையை எடுத்துக்கொண்டு தாளை மடியில் விரித்தாள். நாற்பத்து நாலு வயதில், சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றவள் அவள். குழு நோட்டில் கைநாட்டு வைத்த இடத்தில் இப்போது கையெழுத்துப் போடுகிறாள். எந்தத் தாள் கிடைத்தாலும் விரல் வைத்து எழுத்துக் கூட்டாமல் விடமாட்டாள். அது ஒன்றில்தான் நாகஜோதியைவிட அவள் ஒரு படி மேல்.

"சத்தமாப் படிக்கா, நாங்களும் கேக்குறோம்" என்றாள் நாகஜோதி. காலையில் நடந்தது எதுவும் அவள் முகத்தில் இல்லை.

பாண்டீஸ்வரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். "சீன தேசத்தில் தாவோ என்றொரு வழி உண்டு. அந்த வழியில் நடப்பவர் நடந்து முடிந்ததைத் தலையில் சுமப்பதில்லை. வரப்போவதைக் கயிறு கட்டி இழுப்பதுமில்லை. இந்த நேரத்தில் கை எதைத் தொடுகிறதோ, மனமும் அதையே..." அதற்குமேல் எண்ணெய் ஊறி எழுத்து தெரியவில்லை.

பெண்கள் தலையாட்டினார்கள். நாகஜோதி மட்டும் நெற்றியைச் சுருக்கினாள்.

"இதுக்குப் போயி சீனாக்காரன் ஒக்காந்து எழுதணுமாக்கும்? வேற எப்படிக்கா இருக்கிறது?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் பாண்டீஸ்வரியைச் சுட்டது. ராத்திரியெல்லாம் கண் விழித்து, கை வலிக்க வலிக்க எழுதிக் கற்று, கடைசியில் வடைத் தாளில் எழுத்துக் கூட்டிப் படித்ததை, ஒரு எழுத்தும் தெரியாத இவள் பிறந்ததிலிருந்தே வைத்துக்கொண்டிருக்கிறாளா? ரூபாயும் இவளிடம், தூக்கமும் இவளிடம், சீன தேசத்து வழியும் இவளிடமா?

தாளைக் கசக்கி எறிந்துவிட்டு வரிசைக்குப் போனாள்.

ஏலக்காய், செடியின் தூரில், தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். குத்தவைத்து உட்கார்ந்து, இலையை விலக்கி, விளைந்ததை மட்டும் கிள்ள வேண்டும். நகத்தால் பிளந்தால் விதை கறுத்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பிஞ்சு. பிஞ்சைக் கிள்ளினால் உலரும்போது சுருங்கி எடையும் போகும், விலையும் போகும். நாளாக ஆகப் பிளந்து பார்க்கத் தேவையில்லை, தொட்டாலே விரலுக்குத் தெரிந்துவிடும். ஆனால் கண் வேறெங்கோ இருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. பாண்டீஸ்வரியின் கண் பக்கத்து வரிசையில் இருந்த நாகஜோதியின் கூடையில் இருந்தது. அதில் காய் ஏற ஏற இவள் கை பறந்தது. கிடைத்ததையெல்லாம் உருவினாள்.

சாயங்காலம் எடை போட்டபோது பாண்டீஸ்வரிக்குப் பதினெட்டு கிலோ. நாகஜோதிக்குப் பதினாறரை. பாண்டீஸ்வரி நிமிர்ந்து நின்றாள். ஷரீப் பாய் அவள் கூடையைத் தார்ப்பாயில் கொட்டி, ஒரு காயைப் பிளந்தார். வெள்ளை. இன்னொன்று. வெள்ளை. மூன்றாவதைப் பிளக்காமலே கீழே போட்டார்.

"என்னாக்கா இது? செடியையே மொட்டையடிச்சிட்டு வந்துருக்கீக. அடுத்த சுத்துக்கு நிக்க வேண்டியதுல பாதி இங்கன கெடக்கு. நாளைக்கும் இப்படின்னா திங்கக்கிழமை ஜீப்புல ஏறாதீக."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை, சம்பள நாள். மலையில் பனி இறங்கியிருந்தது. பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியவில்லை. ஷரீப் பாய் பாண்டீஸ்வரியை மட்டும் கீழே ஓடைக்கரை வரிசைக்குப் போகச் சொன்னார். தண்டனைதான். சேறும் அட்டையும் அங்கேதான் அதிகம்.

உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். வெறும் வெள்ளை. நாகஜோதி எத்தனை சரம் முடித்திருப்பாள்? தெரியவில்லை. கூடை பாதியா, முக்காலா? தெரியவில்லை. மேலே யாரோ இருமினார்கள், அதுகூட யாரென்று தெரியவில்லை. நாலு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கழுத்து வலித்தது. ஐந்தாவது தடவை திரும்பவில்லை.

கண்ணுக்குத் தெரிந்தது முன்னால் இருந்த ஒரு தூர். அதில் ஒரு சரம். சரத்தில் ஒரு காய். தொட்டாள். திண்ணென்று இருந்தது, கிள்ளினாள். அடுத்தது கொஞ்சம் மெத்தென்று இருந்தது, விட்டாள். ஓடை பக்கத்தில் எங்கேயோ கல்லைச் சுற்றிக்கொண்டு போனது. அட்டை ஏறியதை எடுத்துப் போட்டாள். அடுத்த தூர். அதற்கடுத்தது. இடையில் எத்தனை நேரம் போனதென்று அவளுக்குத் தெரியாது. திடீரென்று வயிறு இரைந்தது. பசி! எத்தனை மாதமாயிற்று இப்படிப் பசித்து. மணி பார்த்துச் சாப்பிட்டிருக்கிறாளே தவிர, பசித்துச் சாப்பிட்டு நாளாகிவிட்டது. மூவாயிரத்து எழுநூற்று ஐம்பதைக் காலையிலிருந்து ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நினைத்ததும் பயந்துபோய், பைசா தொலைத்தவளைப் போல மடியைத் தடவிப் பார்த்தாள்.

சாயங்காலம் பதினாலே கால் கிலோ. ஷரீப் பாய் ஐந்து காய் பிளந்தார். ஐந்தும் கறுப்பு. நோட்டில் பெயர் எழுதிவிட்டு, "திங்கக்கிழமை வந்துருங்கக்கா" என்றார். நாகஜோதிக்குப் பதினேழு. கேட்டதும் பாண்டீஸ்வரியின் நெஞ்சில் பழைய முள் குத்தத்தான் செய்தது. குத்திவிட்டுப் போனது.

அன்று நாகஜோதியின் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. ஜீப் மலை இறங்கியது. முதல் வளைவு அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் யாரோ உலுக்கியதுதான் நினைவு. கம்பம் வந்திருந்தது. அவள் தலை நாகஜோதியின் தோளில் இருந்தது. அந்தச் சேலையில் இவள் எச்சில் வட்டமாக நனைத்திருந்தது.

"ஒரு தோளு மரத்துப்போச்சுக்கா. என்னா தூக்கம்டி யம்மா!" என்று தோளை நீவிக்கொண்டே நாகஜோதி சம்பளக் கவரைப் பிரித்தாள். "ஐநூறு ஒதுக்கலாம். மொத்தமா இல்ல. வேணாம்னா விடு."

"குடு."

நாகஜோதிக்கே ஆச்சரியம். "வாங்கிக்கிறியா? அப்ப மிச்சம் மூவாயிரத்து எரநூத்தம்பது."

பாண்டீஸ்வரி நோட்டை மடித்து இடுப்பில் செருகினாள். "அது முடிஞ்சுபோச்சு."

"எப்படி?"

"அத்தன பேரு முன்னாடி கேட்டேன்ல. அன்னைக்கே வசூலாயிருச்சு."

நாகஜோதி சம்பளக் கவரை மூடிப் பைக்குள் வைத்தாள். அவள் காது மடல் மறுபடி சிவந்தது. பிறகு திரும்பி, "மூவாயிரத்துச் சொச்சத்துக்கா திட்டுன? நாலாயிரத்துக்குத் திட்டுன. மிச்சம் நீதான் எனக்குத் தரணும்" என்றாள்.

டிரைவர் டீசல் போட நிறுத்தியிருந்தான். எதிரே தள்ளுவண்டியில் பருத்திப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. பாண்டீஸ்வரி இறங்கிப்போய் இரண்டு டம்ளர் வாங்கி வந்தாள். நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வாயாக, உலகத்தில் வேறெதுவுமே இல்லை என்கிற மாதிரி குடித்தாள். பார்த்த பாண்டீஸ்வரிக்கு வயிறு லேசாகக் காந்தியது. எப்படித்தான் குடிக்கிறாளோ, பாவி மக!

அதற்குள் தன் டம்ளர் ஆறிக்கொண்டிருப்பது விரலில் தெரிந்தது. திரும்பிக்கொண்டு, சூடு போவதற்குள் குடித்தாள். சுக்குக் காரம் தொண்டையில் இறங்கியது.

"மிச்சம் சரியாப் போச்சாடி?" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு.

"சரியாப் போச்சுக்கா" என்றாள் நாகஜோதி.