பஞ்சராகாத டயர்

டயரில் என்ன பெரிய தகராறு வந்துவிடப்போகிறது என்று நினைப்பவர்கள், சைக்கிள் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்ட பந்தயக்காரியிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாரமாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாப்பாட்டு மேசைமேல் தட்டு வைக்க இடமில்லாமல் இரண்டு ஜோடி டயர்கள் கிடந்தன.

ஒரு ஜோடி மெல்லிசு. கட்டைவிரலால் அழுத்தினால் குழையும். சாலையில் விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் ஒரு கண்ணாடிச் சில்லு போதும், கதை முடிந்தது. மற்றது தடிமன். உள்ளே கெட்டியான பட்டை வைத்தது. ஆணிக்கே அசராது, ஆனால் சாலையின் பொடிக்கல்லெல்லாம் கை எலும்பில் அதிரும், மேட்டில் காலைப் பிடித்து இழுக்கும்.

“மெல்லிசு டயரையே போடுங்க,” என்றாள். “பஞ்சரானா ஆகட்டும். என் தலையெழுத்துன்னு இருந்துக்கறேன்.”

“போன தடவை பாலத்துல நின்னியே, மறந்துபோச்சா?”

“நின்னது நான்தானே?”

நின்றது அவள்தான். ஆனால் மெக்கானிக் பெண்டாட்டிக்கே பஞ்சராம் என்று கடைவீதி சிரித்தது அவனைப் பார்த்து. அந்தச் சிரிப்பு இன்னும் அவன் காதைவிட்டுப் போகவில்லை, பாவம். கடைசியில், “சரி, உன் இஷ்டம்,” என்றான். அவளும் நம்பினாள்.

இந்த முறை பந்தயத்தில் முதலில் வரும் மூன்று பேருக்குத்தான் மாநில அணியில் இடம். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் அவ்வளவுதான்.

பந்தயத்தன்று காலையில் அவள் வண்டியைத் தொடமாட்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். தொடக்கக் கோட்டில் அவன் பிடித்துக்கொண்டு நிற்பான்; அவள் வந்து ஏறுவாள். குனிந்துகூடப் பார்க்கமாட்டாள், பார்த்தால் அவனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம். நல்ல நினைப்புதான் போங்கள்.

முதல் திருப்பம் தாண்டியதுமே கை அதிர்ந்தது. குனிந்து பார்த்தாள். தடிமன். முன்னும் பின்னும். இறங்கி யாரிடம் போய் முறையிடுவது? மிதித்தாள். மேட்டில் விட்டதைச் சரிவில் பிடித்தாள். அடுத்த மேட்டில் மறுபடி விட்டாள். கடைசி நேர்ச்சாலையில் மூன்றாவதாகப் போனவளின் பின்சக்கரத்தை அவளுடைய முன்சக்கரம் எட்டியது. அதோடு சரி. நான்காவது.

வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு டயரையும் சுற்று முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு முள்ளாவது, ஒரு கீறலாவது இருந்தால் அவனை மன்னித்துவிடலாம் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டாள். ஒன்றுமே இல்லை. குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அவன் வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து உள்ளங்கையை நீட்டினான். அதில் பச்சைக் கண்ணாடிச் சில்லு ஒன்று இருந்தது.

“பின் டயர்ல குத்திக்கிட்டு இருந்துச்சு. மெல்லிசு போட்டிருந்தா பாதி வழியிலயே நின்னிருப்ப. நல்லவேளை.”

டயரை மாற்றியதைக்கூட என்றாவது ஒருநாள் அவள் மறந்திருப்பாள்.

“நான் மூஞ்சி கழுவிட்டு வர்றதுக்குள்ள, இதை எங்க தேடிப் பொறுக்குனீங்க?” என்று கேட்டாள்.