லிப்சாவுக்குத் தெரிந்த தமிழ்

வடக்கத்திக்காரர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்பது சசிகலாவின் தீர்மானம். அதை அவள் யாரிடமும் மறைத்ததுமில்லை. வடக்குப்பட்டில் அவள் வீட்டுக்குப் பின்னால் மாமனார் வரதராஜுலு வரிசையாகக் கட்டிவிட்டிருந்த ஆறு அறைகளிலும் ஒடிசாவிலிருந்து வந்த கம்பெனி ஆட்கள்தான் குடியிருந்தார்கள். ஐந்து அறைகளில் தனி ஆண்கள். கடைசி அறையில் மட்டும் வெல்டர் பிஜய், மனைவி மினதியோடும் ஏழு வயது மகள் லிப்சாவோடும் இருந்தான்.

"அந்தப் பொண்ணு இன்னா பண்ணாலும் அவங்கப்பன் சிரிச்சிக்கினே கீறான். ஒரு அடி கெடையாது, ஒரு அதட்டல் கெடையாது. நாளைக்கு அது எவன மதிக்கும்?" என்று கணவன் பரசுராமனிடம் சொல்வாள்.

"உனுக்கு இன்னா போச்சி, வுடு" என்று அவன் ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடிவிடுவான்.

சசிகலா தன் மகள் யுவஸ்ரீயை அப்படி விடவில்லை. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். வாங்க, உக்காருங்க என்று சொல்ல வேண்டும். தாத்தா எதிரில் கால்மேல் கால் போட்டதற்காக ஒருமுறை தொடை சிவக்க வாங்கியிருக்கிறாள் யுவஸ்ரீ. அதற்கப்புறம் போட்டதில்லை. ஊரில் நாலு பேர், "பொண்ண நல்லா வளத்துருக்கம்மா" என்று சொல்லும்போது சசிகலாவுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

லிப்சா எந்நேரமும் யுவஸ்ரீயோடுதான் சுற்றினாள். வந்த எட்டு மாதத்தில் தமிழை அள்ளிக்கொண்டுவிட்டாள்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை கொடுக்க மூன்று பேர் வந்திருந்தார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, நடுவில் வரதராஜுலு உட்கார்ந்திருந்தார். ஊரில் எல்லோரும் துண்டை இறக்கிப் பேசும் மனிதர். சசிகலா காபியோடு வெளியே வரும்போதுதான் லிப்சா பக்கத்துச் சந்திலிருந்து வந்தாள். புதுக் கவுன். பாதத்தைச் சுற்றிச் சிவப்புச் சாயம். கையில் ஒரு தட்டு, அதில் தேங்காயும் வெல்லமும் போட்டுச் சுட்ட பலகாரம். நேராக வரதராஜுலுவிடம் போய், இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள்.

"டேய் தாத்தா, இந்தா. துன்னு."

வந்தவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் அதுகூடச் செய்யவில்லை. "இன்னாபா, வூட்டு வாசல்லயே மரியாத இம்மாம் பலமா கீது?" என்றார்.

வரதராஜுலுவின் முகம் கறுத்தது. சசிகலா காபித் தட்டைக் கீழே வைத்தாள். வைத்த கையாலேயே லிப்சாவின் கன்னத்தில் ஒன்று விட்டாள்.

பலகாரம் மண்ணில் விழுந்தது. பெண் அழவில்லை. தான் என்ன செய்தோம் என்று தேடுகிற மாதிரி தன் காலைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள். சத்தம் கேட்டு பிஜய் லுங்கியோடு ஓடிவந்தான்.

"இன்னா ஆச்சு அக்கா?"

"இன்னா ஆச்சா? எங்க மாமனார டேய்னு கூப்புடுது உன் பொண்ணு. இதான் சொல்லிக் குடுத்து வளக்கறியா?"

பிஜய் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வரதராஜுலுவைப் பார்த்துக் கைகூப்பினான். லிப்சாதான் பேசினாள். அப்பாவைக் கைகாட்டித் தெளிவாகச் சொன்னாள்.

"டேய் நல்ல வார்த்த. பாபா சொன்னாரு. டேய்னா ஐயான்னு அர்த்தம். அதான் எல்லாரும் பாபாவ டேய் சொல்றாங்க. நீயும் சொல்றியே அத்த."

பிஜய் தலையைத் தூக்கவே இல்லை. பெண் எப்போதோ கேட்டிருக்கிறாள், டேய் என்றால் என்ன என்று. பெற்ற மகளிடம் அவன் வேறு என்ன சொல்வான்? இப்போது அவள் அப்பாவை அண்ணாந்து பார்த்து அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ கேட்டாள். சசிகலாவுக்கு அந்த பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் கேள்வி என்னவென்று தெரிந்தது. பிஜய் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"அதுக்குப் போயி கொழந்தைய அடிக்கணுமாம்மா" என்றார், சற்று முன் சிரித்த அதே ஆள்.

அன்று மதியம் சசிகலா தான் பேசியதையெல்லாம் எண்ணிப் பார்த்தாள். டேய் பிஜய், மோட்டார் போடுறா. டேய், அந்தக் குப்பையக் கொஞ்சம் எடுத்துக்கினு போடா. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒருநாளும் கோபத்தில் சொன்னதில்லை. அதை நினைத்தபோதுதான் இன்னும் கூசியது. கோபமில்லாமலே வந்த பேச்சு. பீரோவைத் திறந்து, குடிவரும்போது வாங்கி வைத்த ஆதார் நகலை எடுத்துப் பார்த்தாள். பிஜய்க்கு வயது நாற்பத்தொன்று. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்.

பொழுது சாய்வதற்குள் கடைசி அறைக்குப் போனாள்.

"பிஜய், இருக்கீங்களா?"

உள்ளே பேச்சுக்குரல் கேட்டது, ஆனால் யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். மினதி எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாக முக்காட்டை இழுத்துக்கொண்டாள். பிஜய் எழுந்து நின்றார்.

"நீங்க உக்காருங்க" என்றாள் சசிகலா.

அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

மினதி மகளிடம் ஏதோ சொன்னாள். மூலையில் இருந்த லிப்சா வந்து, சசிகலா சுதாரிப்பதற்குள் குனிந்து அவள் காலைத் தொட்டாள். இரண்டு கையாலும் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்களிடம் தப்பு செய்தால் அவர்கள் வீட்டில் அதுதான் வழக்கம்போலிருக்கிறது. சசிகலா பதறிப் பின்னால் நகர்ந்ததில் கதவில் முதுகு இடித்தது.

"வேணாம்மா. வேணாம். தப்பு என்னுது."

"எங்க ஊர்ல இன்னிக்கி பண்டிகை அக்கா" என்றாள் மினதி, தட்டுத்தடுமாறிய தமிழில். "மூணு நாள். பொண்ணுங்களுக்கு. திட்ட மாட்டாங்க, வேலை சொல்ல மாட்டாங்க." குறையாகச் சொல்லவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

கிளம்பும்போது பிஜய் வாசல்வரை வந்தார். "பரவால்ல அக்கா. அடி மறந்துரும்." திரும்பி மகளைப் பார்த்தார். "அந்த வார்த்தைதான். இப்போ அர்த்தம் தெரிஞ்சிபோச்சி அவளுக்கு."

சசிகலா அன்றைக்கு மாறினாள். ஆறு அறைக்காரர்களையும் வாங்க போங்க என்றாள். "இன்னாமா, வாடகைக்கு இருக்கறவனுங்களுக்கு மால போடுவ போலக்கீது" என்று மாமனார் குத்தினார். பரசுராமன் சிரித்தான். யுவஸ்ரீ மட்டும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பிஜயை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

லிப்சா ஒரு வாரம் கழித்து விளையாட வந்தாள். யுவஸ்ரீயோடு பேசினாள். பெரியவர்களிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூட நாள் ஒன்றின் காலை. சசிகலா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். லிப்சா குழாயடியில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்டர் வேன் வந்து நின்றது. உள்ளூர் டிரைவர், சசிகலாவுக்குத் தூரத்துச் சொந்தம், ஜன்னல் வழியாகக் கத்தினான்.

"டேய் பிஜய், சீக்கிரம் ஏறுடா! எருமமாடு மாதிரி வர்றான் பாரு."

பிஜய் டிபன் பையோடு ஓடினார். லிப்சா பாட்டிலைக் கீழே வைத்தாள். வேனைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. சசிகலாவைப் பார்த்தாள்.

சசிகலாவுக்கு அவனைக் கண்டிக்க வாய்வரை வந்தது. சொந்தக்காரன், தெருவில் நாலு பேர் நிற்கிறார்கள், உள்ளே மாமனார் இருக்கிறார். குனிந்து, போட்ட புள்ளிமேலேயே இன்னொரு புள்ளி வைத்தாள். வேன் கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை நிமிரவில்லை.