லீலாபாயின் ரப்பப்பா

"ரப்பப்பான்னா என்ன அர்த்தம்?" என்று ஜெயதாஸ் கேட்டபோது, லீலாபாய் கரோலுக்குக் கொண்டுபோகிற நட்சத்திரத்துக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை விரலோடு நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். மெட்ராஸில் இரண்டு வருடம் மேல்நாட்டுச் சங்கீதம் படித்துவிட்டு வந்தவன். இந்தக் கிறிஸ்மஸுக்குச் சபையின் பாடகர் குழு அவன் கையில். சட்டைப் பையில் சுருதி பார்க்கிற சின்னக் குழல் ஒன்று எப்போதும் இருக்கும். அதை ஊதிப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டான் என்று அமரவிளையில் பேச்சு.

"அர்த்தமுள்ளத முதல் ரெண்டு வரியில சொல்லியாச்சு. பொறவு கொஞ்சம் சந்தோஷப்படாண்டாமா மக்கா?"

"இது சினிமா மெட்டாக்கும் அக்கா. அதும் ஓடாத சினிமா."

அது உண்மை. ஒரு வாரம்கூடத் தாங்காத டிஸ்கோ படம். கதாநாயகன் யாரென்று எடுத்தவருக்கே மறந்திருக்கும். ஆனால் பாறசாலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு லீலாபாய் போய்வந்த பஸ்ஸில் அந்தப் பாட்டு தினமும் ஓடியது. ஒட்டுப்புல் சேலையில் ஒட்டுவது போல மெட்டு ஒட்டிக்கொண்டது. எண்பத்து மூன்றில் அவளே அதற்கு வேறு வரி போட்டாள். "மாட்டுக் கொட்டிலில் ராசா வந்தாரு, மாதா மடியிலே லேசாச் சிரிச்சாரு", பிறகு ரப்பப்பா, ரபா, ரப்பப்பா. அன்று முதல் பதினோரு கிறிஸ்மஸ். அந்த டிஸ்கோ மோஸ்தரெல்லாம் மலையேறிவிட்டது, பாட்டு மட்டும் இறங்கவில்லை.

"நீ படிச்சவன், ஒத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு," என்றாள். "நாம சொல்லிக்குடுக்காண்டாம். ஏதாவது ஒரு வீட்டுல அவியளா அந்தப் பாட்டக் கேட்டா, அத விடப்பிடாது. ஒருத்தரும் கேக்கலன்னா நான் இனி வாய் தொறக்கமாட்டேன்."

ஜெயதாஸ் சரி என்றான். அவனுக்கென்ன, தோற்கிற பந்தயமாகத் தெரியவில்லை.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரோல்காரர்கள் முற்றத்தில் இரண்டு பாட்டு பாடி, ஜெபம் முடித்து, காப்பிக்கு நிற்கும்போது வீட்டுக்காரர் தனக்கு இஷ்டமான ஒரு பாட்டைக் கேட்கலாம். கேட்டால் பாடியே ஆகவேண்டும். அந்த உரிமையில் போதகர்கூடக் கை வைத்ததில்லை.

மறுநாள் மத்தியானம் புறப்பட்டார்கள். ஜெயதாஸ் குழலை ஊதினான், குழுவின் நான்கு வகைக் குரலும் நான்கு வழியாகப் போய் ஓரிடத்தில் சேர்ந்தன. அழகுதான், யார் இல்லையென்றது? லீலாபாய்க்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் வீட்டுக்கு வீடு ஆட்கள் கைகட்டி நின்று கேட்டார்களே தவிர, ஒருவர் உதடும் அசையவில்லை. முன்பெல்லாம் அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து கூடப் பாடுவார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் பிடித்தது.

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஈசாக் வருடா வருடம் ரப்பப்பாவுக்கு வேட்டியை மடித்துக்கட்டி ஆடுகிறவர். இந்த மனுஷன் கைவிட மாட்டார் என்று அவள் மலைபோல நம்பியிருந்தாள். அவரோ ஜெயதாஸைப் பார்த்துத் தொண்டையைச் செருமி, "நல்ல பாட்டா ஒண்ணு பாடுங்க, ஒங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டார். கிளம்பும்போது அவள் காதருகே வந்தார்.

"கேக்கணும்னுதான் இருந்துது லீலா. படிச்ச பய, கேவலமா நெனச்சுட்டான்னா?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொந்த முற்றத்தில் சொந்த ஆசையைச் சொல்ல வெட்கமா! பாட்டு மோசம் என்று யாராவது சொன்னால் வாதாடலாம். பிடித்ததைப் பிடிக்கும் என்று சொல்லவே பயந்தால் என்ன செய்வது? பாட்டு இத்தோடு போயிற்று என்று தோன்றியபோது ஆற்றாமையாக இருந்தது. தன்னுடைய பாட்டு என்பதற்காக மட்டுமல்ல, கூடப் பாட ஒன்றுமில்லாத கிறிஸ்மஸை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒடுக்கமான இடவழியில் இறங்கினார்கள். அங்கே சபையைச் சேராத சரசம்மாவின் வீடு. இந்த வருடம் சபை வீடுகளுக்கு மட்டும் என்று ஜெயதாஸ் சொல்லியிருந்ததால், எல்லோரும் தலையைக் குனிந்து கேட்டைத் தாண்டினார்கள்.

"நில்லுங்கோ அங்ஙன!"

சரசம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். பின்னால் சாமி முன் ஏற்றிய நிலவிளக்கு எரிந்தது. படியில் சுக்குக் காப்பியும் ஒரு சருவம் நிறைய உண்ணியப்பமும் காத்திருந்தன.

"எல்லா வருஷமும் வந்துட்டு இப்ப என்ன, கள்ளன் போறதுபோல? அந்த ரப்பப்பா பாடாம ஒருத்தரும் இந்த கேட்டக் கடக்காண்டாம்."

ஜெயதாஸ் மரியாதையாகத்தான் சொன்னான். "அந்தப் பாட்டு இப்ப இல்ல சேச்சி. வேற நல்ல பாட்டு உண்டு."

"நல்ல பாட்ட நீங்க பாடுங்கோ, நான் கேக்காம். எனக்குப் பாடுயதுக்கு இதாக்கும்." அவள் குரல் இறங்கவில்லை. "எனக்கு பெத்லகேம் எங்கயின்னு தெரியாது. வருஷம் முழுக்க அம்மியில தேங்கா அரைக்கும்போ இதுதான் வாயில. எனக்க வீட்டுக்காரர் மரிச்சுப்போன வருஷமும் இதத்தான் பாடினேன். கண்ணீரும் விட்டுக் கரஞ்சோண்டு பாடினேன், ஆனா பாடினேன்."

யாருக்காகவும் காத்திராமல் அவளே தொடங்கினாள். சுருதியும் இல்லை, குழலும் இல்லை. மாட்டுக் கொட்டிலில் ராசா வந்தார். வரி ஒன்றுகூடத் தப்பவில்லை. ரப்பப்பா வந்ததும் டிரம்காரன் கை தானாக எழுந்தது. பிறகு என்ன, நான்கு குரலும் ஒரே குரலானது. தன் வீட்டிலிருந்து கூடவே வந்திருந்த ஈசாக் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இது சபை வீடு இல்ல," என்றான் ஜெயதாஸ், அக்காளின் காதில்.

"வீடுன்னுதான் சொன்னோம். சபை வீடுன்னு சொல்லல, கேட்டியா?" என்றாள் லீலாபாய். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாடினாள்.

உண்ணியப்பம் தீர்ந்து அவர்கள் இடவழியில் நடந்தார்கள். அடுத்த வீடு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்கு அப்பால். பாதி தூரம் போவதற்குள் அங்கே முற்றத்து விளக்கு எரிந்தது. இவர்கள் வாயே திறக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகளும் பெண்களுமாக யாரோ கைதட்டித் தொடங்கிவிட்டார்கள்: ரப்பப்பா, ரபா, ரப்பப்பா.

ஜெயதாஸ் நின்றான். குழலை எடுத்து மெதுவாக ஒரு ஊது ஊதிப் பார்த்தான்.

"அவிய சுருதிய ரொம்ப மேல பிடிச்சிருக்காவ அக்கா."

"அப்ப நாமளும் மேல பிடிப்போம்," என்று லீலாபாய் உள்ளே விளக்கெரியும் நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடித்து மரச்சீனிக்கு நடுவே வேகமாக நடந்தாள். சிவப்பு வெளிச்சம் இலைகளின்மேல் ஆடிக்கொண்டே முன்னால் போனது.