ஒருத்தருக்காவது உறைக்கணும்

என் வீட்டுக்காரருக்கு நகராட்சி அலுவலகத்தில் வேலை. பிறந்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் சான்றிதழ் எழுதிக் கொடுப்பார். நடுவில் வாழ்கிறவர்கள் மேல்தான் அவருக்கு ஏகப்பட்ட கோபம். அந்தக் கோபத்தைப் பதினோரு வருஷம் சேர்த்துவைத்து ஓர் அகராதி எழுதினார். சொல்லுக்குப் பொருள் சொல்கிற சாக்கில் ஊரையே நக்கல் அடிக்கிற அகராதி. முழுப் புத்தகத்தையும் டைப் அடித்தது நான்தான். பகலெல்லாம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதே வேலை.

மோசம் என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் எனக்கே சிரிப்பு வந்து விரல் நின்றிருக்கிறது. 'வாக்குறுதி: நிறைவேற்றினால் அடுத்த தேர்தலுக்கு இல்லாமல் போய்விடும் என்பதால் பத்திரமாக வைத்திருக்கப்படுவது.' 'திறப்பு விழா: முடியாத வேலையை முடித்துவைக்கும் கத்தரிக்கோல்.' 'பக்தி: கடவுள் மேல் நமக்குள்ள நம்பிக்கை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.' இப்படியே முந்நூறு பக்கம்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று மனுஷர் தரையில் நடக்கவில்லை. யார் யாரை நினைத்து எழுதினாரோ அவர்களுக்கே ஆளுக்கொரு பிரதி அனுப்பப் போவதாகச் சொன்னார். நகராட்சித் தலைவருக்கு ஒன்று, எங்கள் தெருவில் பிரசங்கம் செய்கிற பிரசங்கியாருக்கு ஒன்று, எங்கள் குடும்ப டாக்டருக்கு ஒன்று. அவரவரைக் கிழித்திருக்கிற பக்கத்தில் ஒரு சிவப்புத் தாள் வேறு செருகிவைத்தார், தேட வேண்டாம் பாருங்கள்.

தலைவர் இவருக்கு மேலதிகாரிக்கெல்லாம் மேலதிகாரி. வேலைக்கே உலை வைக்கிறீர்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அசையவில்லை.

"ஒருத்தருக்காவது உறைக்கணும். அப்பத்தான் நான் எழுதினதுக்கு அர்த்தம்" என்றார்.

சொல்லிவிட்டு, கைது செய்ய வந்தால் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினார். கண்ணாடி முன்னால் நின்று "மன்னிப்புக் கேட்கமாட்டேன்" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது விதம் நன்றாக இருந்தது.

தபாலாபீஸ் என் ஆபீசுக்குப் பக்கத்தில் என்பதால் புத்தகங்களை என்னிடம் கொடுத்தார். அங்கேதான் நான் அந்தத் திருட்டு வேலையைச் செய்தேன். சிவப்புத் தாள்களை உருவி இடம் மாற்றிவிட்டேன். தலைவருக்குப் போன புத்தகத்தில் 'பிரசங்கம்' பக்கம், பிரசங்கியாருக்கு 'மருத்துவர்' பக்கம், டாக்டருக்கு 'தலைவர்' பக்கம். முந்நூறு பக்கத்தையும் புரட்டிப் படிக்க அவர்களில் யாருக்கும் பொறுமை கிடையாது என்று எனக்குத் தெரியும். ஒட்டி, தபால் தலை ஒட்டி, போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமே தலைவர் இவரைக் கூப்பிட்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். பிரசங்கியார் டாக்டர்களைப் பற்றிய வரியைத் தன் பிரசங்கத்திலேயே படித்துக் காட்டினார். டாக்டர் புத்தகத்தை, நோயாளிகள் காத்திருக்கிற இடத்தில் மேசைமேல் போட்டுவைத்தார். என் வீட்டுக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் பைக் நின்றால் போலீசோ என்று ஆசையாக எட்டிப் பார்ப்பார், பால்காரராக இருக்கும்.

பத்து நாள் பார்த்தேன். அதற்குமேல் மனசு கேட்கவில்லை. செய்ததைச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தால், மனுஷருக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல ஆகிவிட்டது. அப்படியானால் அவர்கள் இன்னும் படிக்கவே இல்லையே என்று துள்ளினார். மறுநாள் காலை வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பிரதியோடு கிளம்பினார். நானும் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். வேலை போனால் அழுது கெஞ்சவாவது ஓர் ஆள் வேண்டாமா?

தலைவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. இவர் 'தலைவர்' பக்கத்தை விரித்து மேசைமேல் வைத்தார். 'தலைவர்: வழிகாட்டுபவர். வழி இல்லாத இடங்களில் தன் படத்தைக் காட்டுபவர்.' அந்த அறையில் அவருடைய படம் மட்டும் நான்கு மாட்டியிருந்தது.

தலைவர் இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலி ஆடும்படி சிரித்தார்.

"எனக்கு முன்னாடி இருந்தவரை அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க. அடுத்த திறப்பு விழாவுல இதை மேடையில படிச்சிடுங்க" என்றார்.

அங்கிருந்து பிரசங்கியார் வீடு. 'பிரசங்கம்: உட்கார்ந்திருப்பவர்கள் எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று நின்றுகொண்டிருப்பவர் சொல்லும் பட்டியல்.' அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அடுத்த தெருவில் பேசுகிறவர் இப்படித்தான், பாவம், அவருக்காக வேண்டிக்கொள்வோம் என்றார். கடைசியாக டாக்டர். 'மருத்துவர்: நோயாளி சொல்லி முடிப்பதற்குள் எழுதி முடித்துவிடுபவர்.' இவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. 'டாக்டர், உங்களைப் பற்றி ஒன்று' என்று ஆரம்பித்ததுமே டாக்டர் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதி நீட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் விழுந்தார். சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"பதினோரு வருஷம். ஒருத்தருக்குக்கூட உறைக்கல" என்றார்.

"எனக்கு உறைச்சுது" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். திறந்ததும் நிற்கவில்லை. 'மனைவி' என்ற சொல்லுக்கு அவர் எழுதியதைப் பார்க்காமலே ஒப்பித்தேன். 'மனைவி: வீட்டில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோ. நிறுத்த முடியாது, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.' அதை அடித்த அன்று கண் கலங்கி எழுத்தே தெரியாமல் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாம் தடவை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, சரியாக வந்திருக்கிறது என்று சொல்லி அடுத்த பக்கம் போனார். அதையும் சொன்னேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு வலித்தது என்றும் சொன்னேன்.

"அது உன்னைப் பத்தி இல்ல. பொதுவா, மத்தவங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். காலையிலிருந்து இதையேதான் ஊரெல்லாம் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடுகிறேன் என்றார். எடுக்க வேண்டாம் என்றேன். ஊரில் ஒருத்தரையும் விடாத அந்த அகராதியில் 'கணவன்' என்று ஒரு சொல்லே கிடையாது. அதைச் சேர்க்கச் சொன்னேன். பேனாவை எடுத்து உட்கார்ந்தார். தலைவருக்கும் டாக்டருக்கும் தண்ணி பட்ட பாடாக எழுதித் தள்ளியவருக்கு ஒரு வரி வரவில்லை. நீயே சொல்லேன் என்றார், கொஞ்சம் கிண்டலாக. நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

'கணவன்: தான் சொன்னது யாருக்காவது உறைத்ததா என்று வீடு வீடாகப் போய் விசாரித்துவிட்டு, கடைசியில் சொந்த வீட்டுக்கு வருபவர்.'

எழுதியதைப் படித்தார். முகம் சிவந்தது. மூக்கு விடைத்தது.

"இது பொதுவா எல்லாப் புருஷனுங்களைப் பத்தியும்தானே?" என்று கேட்டார்.

"இல்ல. உங்களைப் பத்தித்தான்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், டைப் அடிக்கச் சொல்லி அந்தத் தாளை என் மேசையில் வைத்திருந்தார். ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. கீழே மட்டும் சின்னதாக, 'உறைக்கிறது' என்று எழுதியிருந்தார்.